ஐயாவின் தூக்குக்குண்டு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் என்னைப் பெற்ற ஐயாவின் கருமாதிக்கு மறுநாள் வந்தது. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில், ஐயா எப்போதும் சாய்ந்திருக்கும் தூணுக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நீ எப்படி வர முடியும்? அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர்கள் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஐயாவுக்கு 93 வயது. படுக்கை என்று கிடந்தது கடைசி மூன்று மாதம்தான். அதுவரை தெருவில் மணல் வண்டி போனால் நிறுத்தச் சொல்லி, ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்துப் பார்ப்பார். உள்ளங்கையில் கறை படிந்தால், "சவுடு இருக்குப்பா, கழுவிட்டுக் கட்டு" என்பார். வண்டிக்காரர்கள் யாரும் கோபப்பட்டதில்லை. காரைக்குடிப் பக்கத்தில் பாதிக் கொத்தனார்கள் அவரிடம் கரண்டி பிடித்தவர்கள்தானே.

அவர் எட்டு வயதில் வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். என்ன வேலை தெரியுமா? முட்டை உடைப்பது. செட்டியார் வீடுகளின் சுவரை நாம் சிறுவயதில் கன்னத்தை வைத்துப் பார்ப்போமே, கண்ணாடி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு மாட்டுச் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுப் பூசுவார்கள். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் இழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு துளி விழுந்தாலும் தாத்தா கையால் அடி விழுமாம். மிஞ்சிய மஞ்சள் கருவைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பத்தா குழம்பு வைப்பாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஐயாவின் முகம் எட்டு வயதுக்குப் போய்விடும்.

அப்புறம் 1942. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் செட்டியார்களுக்குப் பர்மாவிலிருந்து வந்த தேக்கும் நின்றது, பணமும் நின்றது. தாத்தா ஒப்புக்கொண்டிருந்த வீடும் பாதியில் நின்றது. பத்து வயதுக்குள் ஐயா கற்றுக்கொண்ட அந்தப் பூச்சு வேலைக்கு, அதன் பிறகு பல வருடம் யாரும் ஆள் கேட்டு வரவில்லை. சிமெண்டு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் எங்களை வளர்த்தார்.

சொந்த வீடு அவருக்கு 42 வயதில்தான் அமைந்தது. 1974-ல் இரண்டு அறை. சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க வேண்டிய காலம். மனு போட்டால் கிடைக்கும் மூட்டை தளத்துக்கே பத்தாது. சரி, சுவருக்குச் சுண்ணாம்பே போதும் என்று இறங்கிவிட்டார். பெரியக்கா கல்யாணம் முடிந்து ஒரு அறை, சின்னக்கா கல்யாணம் முடிந்து ஒரு அறை. 1982-ல் சிமெண்டு கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் மாடிப்படி. நீயும் நானும் அந்தப் படிக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஞாபகம் இருக்கா? வேளைக்கு எட்டுக் குடம். ஒரு நாள் சாயங்காலம் பந்து விளையாடப் போய்விட்டோம் என்று இரவு பத்து மணிக்கு எழுப்பி ஊற்ற வைத்தார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஐந்து வருடத்துக்கு முன் அவர் பெரியக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பின்கட்டுச் சுவர் பொரிந்திருக்கிறது என்று நான் ஆள் வைத்துச் சிமெண்டு பூசிவிட்டேன். திரும்பி வந்ததும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மழை முடிவதற்குள் அந்தப் பூச்சு முழுக்க உப்பிக்கொண்டு கழன்றது. "சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெளியே விடும். நீ வாயைக் கட்டிட்டே" என்றார். அவ்வளவுதான். பிறகு சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மாதம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொத்த வைத்தார், குழைக்க வைத்தார், பூச வைத்தார். 88 வயது அவருக்கு. ஒவ்வொரு பூச்சையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, "இன்னும் இழை" என்பார். என் வாழ்க்கையில் அவரோடு சேர்ந்து இருந்த மாதம் அதுதான் மாப்ள. அதற்கு முன் ஐம்பது வருடம் அவர் ஊர் ஊராக அடுத்தவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறான். பிள்ளைகளுக்கு வசதி வேண்டும் என்று அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்தப் பின்கட்டுச் சுவரைத் தொட நான் விடப்போவதில்லை. முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். ஐயா இருந்தால் உனக்குச் சொல்லியிருப்பதை நான் சொல்கிறேன். செங்கல்லைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கட்டச் சொல். காய்ந்த கல் கலவையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. தளம் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. ஏழு நாள் போதும் என்பார்கள், நீ பதினான்கு நாள் விடு. ஆளை நம்பாமல் நீயே போய்ப் பார்.

வாசல் நிலை என்றைக்கு வைக்கிறாய் என்று எழுது. ஐயாவின் பையில், சுவரும் நிலையும் செங்குத்தாக நிற்கிறதா என்று கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டு இருக்கிறது, தாத்தாவிடமிருந்து வந்தது. கயிறு மட்டும் இற்றுப்போயிருந்தது, நேற்று புதுக்கயிறு கோத்தேன். அதை எடுத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடுகிறேன். அம்மாவுக்கு இங்கேயிருந்து கைமுறுக்கு வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள