ஞாயிற்றுக்கிழமையும்

எடிசன், நியூ ஜெர்சி
14 டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ஆஸ்டினில் உன் குடியிருப்பிலேயே இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு, ஜனவரி முதல் சனிக்கிழமை தோறும், பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. ஆங்கில இலக்கியத் தேர்வுக்குப் பாடம் சொல்லித் தரப் போவதாகப் போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். அப்போது உன் தம்பி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியதால் என் மகிழ்ச்சியை முழுதாகச் சொல்ல முடியவில்லை. கணினித் துறையில் இருந்துகொண்டு, வார இறுதியில் பிறர் பிள்ளைகளோடு கவிதை வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய நிறைவு. என்னுடைய குறிப்புகளை அனுப்பச் சொல்லிக் கேட்டாய். அனுப்புகிறேன். ஆனால் அவற்றைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு முறை பொறுமையாகப் படித்துவிடு. பதின்மூன்று ஆண்டுகளாக இந்தச் சமையலறை மேசையில் பிள்ளைகளை உட்கார வைத்து நான் கற்றுக்கொண்டவை அந்தக் குறிப்புகளில் இல்லை.

முதலில் தேர்வு மாறியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ 2014-இல் எழுதியபோது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்பது புள்ளி வரை மொத்தமாகப் பார்த்து மதிப்பிட்டார்கள். இப்போது ஆறு புள்ளிதான், அதையும் பிரித்துத் தருகிறார்கள். கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்லும் தெளிவான தீசிஸுக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து நான்கு, நுட்பமான சிந்தனைக்கு ஒன்று. கவிதைக்கு ஒரு கட்டுரை, உரைநடைப் பகுதிக்கு ஒன்று, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் நாவல் அல்லது நாடகத்துக்கு ஒன்று என்று மூன்று கட்டுரைகளும் இரண்டு மணி நேரமும் அப்படியே இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள் என்பதும், அதற்கு மொத்த மதிப்பில் 45 விழுக்காடு என்பதும் மாறவில்லை. ஆனால் ஐந்து விடைகளுக்குப் பதில் இப்போது நான்கு விடைகளிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடந்த மே மாதத்திலிருந்து எல்லாவற்றையும் கணினியிலேயே எழுதுகிறார்கள். ஆகவே உன் பிள்ளைகளைத் திரையில் கவிதை வாசிக்கவும் பழக்கு. தாளில் அடிக்கோடிட்டே பழகிய கண், திரையில் வரிகளைத் தாவிப் போய்விடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் வரும் பிள்ளைகள் மூவரும் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள். உருவகம், உவமை, முரண், மோனை என்று அணிகளின் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கவிதையைக் கையில் கொடுத்ததும், வயலில் களை பிடுங்குகிறவர்களைப் போல அதில் ஒவ்வோர் அணியாகப் பிடுங்கி வரிசையாக வைப்பார்கள். "கவிஞர் படிமத்தைப் பயன்படுத்தித் தந்தையின் அன்பைக் காட்டுகிறார்" என்று எழுதுவார்கள். இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை, ஆனால் உலகத்தில் உள்ள ஆயிரம் கவிதைகளுக்கு இதை அப்படியே எழுதலாம். அந்த நான்கு புள்ளிகளில் இரண்டைத் தாண்டாமல் நிற்கும் கட்டுரைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

நம் பழைய உரை மரபை நினைத்துக்கொண்டால் இது உனக்கு எளிதாக விளங்கும். செய்யுளின் கருத்தை உரைநடையில் திரட்டிச் சொல்வது பொழிப்புரை. இந்தச் சொல் இங்கே ஏன் நிற்கிறது, இது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று கேட்டு எழுதுவது விளக்கவுரை. அமெரிக்கத் தேர்வில் 'கமெண்டரி' என்று கேட்பது இரண்டாவதைத்தான். பிள்ளைகள் எழுதுவதோ முதலாவதை. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் ஓர் இடைச்சொல்லுக்கு முன் நின்று அதன் வேலையைச் சொல்லாமல் நகர மாட்டார்கள். நீ தமிழ்ப் பள்ளியில் சலிப்போடு படித்த அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கற்றுத் தர வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுடைய அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவர். பையன் பேச்சில் கூச்சம் உள்ளவன், எழுத்தில் அதைவிடக் கூச்சம். அவனுக்கு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் 'தோஸ் விண்டர் சண்டேஸ்' (அந்தக் குளிர்கால ஞாயிறுகள்) கவிதையைக் கொடுத்தேன். உனக்கும் தெரிந்த கவிதைதான். குளிர் உறைந்த விடியலில் தந்தை எழுந்து, உழைப்பில் வெடித்த கைகளால் அடுப்பைக் கிளறித் தீ மூட்டுகிறார். வீடு சூடான பிறகே மகனை எழுப்புகிறார், அவனுடைய நல்ல காலணிகளையும் துடைத்து வைக்கிறார். ஒருவரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. பதினான்கே வரி. பையன் இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். அணிகள் எல்லாம் இருந்தன, கவிதை மட்டும் அதில் இல்லை.

நான் அவனுடைய தாளை ஓரமாக வைத்துவிட்டு, "முதல் வரியில் எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் கெடாது?" என்று கேட்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "'டூ' (too) என்ற சொல்லை எடுத்துவிடலாம் ஆன்ட்டி" என்றான். எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தந்தை அதிகாலையில் எழுந்தார். மறுபடி அந்தச் சொல்லைச் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் தந்தை அதிகாலையில் எழுந்தார். அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கும் வரை பேசாமல் இருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "அப்படியானால் மற்ற ஆறு நாளும் எழுந்திருக்கிறார். அந்த ஆறு நாளைப் பற்றிக் கவிஞர் தனியாகச் சொல்லவே இல்லை. இந்த ஒரு சொல்லில் ஆறு நாளும் வந்துவிட்டது."

நம்முடைய இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. நன்னூல் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் எச்சம் ஒன்று. 'ஞாயிற்றுக்கிழமையும்' என்றால், சொல்லாமல் விட்ட முந்தைய நாள்களையும் அந்த 'உம்' தன்னோடு அணைத்துக்கொண்டு வருகிறது. இறந்தது தழீஇய எச்ச உம்மை என்பார்கள். நான் இதைப் பையனுக்குச் சொன்னபோது, தமிழில் ஒட்டாக வருவது ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக வருகிறது என்று அவனே கண்டுபிடித்தான். அன்று அவன் எழுதிய பத்தியில் ஓர் அணியின் பெயர்கூட இல்லை. ஆனால் அந்தப் பத்தியை இந்தக் கவிதையைத் தவிர வேறு எதற்கும் எழுதியிருக்க முடியாது. அன்று மேசையில் நடந்தது இவ்வளவுதான். நீ செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இவ்வளவுதான், மகளே. சின்னச் சொல்லின் முன் பிள்ளையை நிறுத்திவிட்டு, அவன் பேசும் வரை நீ பேசாமல் இருக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பதைவிட இது கடினம்.

அதே கவிதையின் கடைசிச் சொல்லில் எச்சரிக்கையாக இரு. 'ஆஃபிசஸ்' என்பதைப் பிள்ளைகள் அலுவலகம் என்று நினைத்துவிடுவார்கள். அகராதியைத் திறக்க வை. கடமை என்றும், கிறித்தவத் துறவிகள் நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் வழிபாடு என்றும் அதற்குப் பொருள் உண்டு. அது தெரிந்ததும் ஒரு பெண் துள்ளி எழுந்து, தந்தை தேவாலயத்துக்குப் போகத்தான் காலணியைத் துடைத்தார் என்று உறுதியாக எழுதிவிட்டாள். கவிதையில் தேவாலயம் எங்கும் சொல்லப்படவில்லை. ஞாயிறு, நல்ல காலணி, வழிபாட்டைக் குறிக்கும் சொல் மூன்றும் சேர்ந்து அப்படி நினைக்க இடம் தருகின்றன, அவ்வளவே. 'இருக்கலாம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இருக்கிறது' என்று எழுதாமல் இருப்பதும் ஒரு பயிற்சி. அதை முதல் வாரத்திலேயே தொடங்கு.

இப்போது நான் நெடுநாளாக உன்னிடம் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கவிதையின் நடுவே, அந்த வீட்டின் தீராத கோபங்களுக்கு அஞ்சி மகன் மெல்ல எழுந்து உடுத்திக்கொள்வதாக ஒரு வரி வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தந்தை நல்லவர் என்று முடிவு செய்துவிட்டதால், அந்த வரி அவர்களுக்கு இடைஞ்சலாகிறது. நுட்பத்துக்கான அந்த ஒற்றைப் புள்ளி, கவிதைக்குள் இருக்கும் இத்தகைய இழுபறியை மறைக்காமல் எடுத்து வைப்பவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. பெரிய சொற்களால் முடிவுரையை அலங்கரித்தால் அது கிடைப்பதில்லை.

2014 மார்ச்சில் நீ பயிற்சிக்காக எழுதிய கட்டுரை இதே கவிதையைப் பற்றியது என்பது உனக்கு நினைவிருக்கும். நான் சிவப்பு மையால் பக்கம் முழுவதையும் திருத்தி, உன் வாக்கியங்களை என் வாக்கியங்களாக மாற்றி, அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்து உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் கட்டுரை அம்மா" என்று சொல்லி மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாய். அதன் பிறகு தேர்வு முடியும் வரை ஒரு கட்டுரையையும் என்னிடம் காட்டவில்லை. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மீது அக்கறை கொண்டு செய்ததை நீ மதிக்கவில்லை என்று நினைத்தேன். நான் செய்தது தவறு என்று புரிய ஆண்டுகள் பிடித்தன. அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் தாளில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வாசிக்கும்போது எந்த இடத்தில் எனக்குப் பொருள் நின்று போகிறதோ, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். ஏன் வைத்தேன் என்று சொல்வதில்லை. பிள்ளை தானே அந்த வரியை வாய்விட்டுப் படித்து, காரணத்தைக் கண்டு, திருத்திக்கொண்டு வர வேண்டும். ஐந்தில் நான்கு முறை கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்க முடியாதபோது கேள்வி கேட்கிறேன், விடையைச் சொல்வதில்லை. இந்நாளில் கணினி எழுதிக் கொடுத்த வழவழப்பான பத்தியோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் கடிந்துகொள்ளாதே. "இந்த வாக்கியத்தை உன் சொல்லில் எனக்குச் சொல்" என்று மட்டும் கேள். அதுவே போதும்.

உரைநடைப் பகுதிக்கும் இதே வழிதான், கூடுதலாக யார் சொல்கிறார், அவர் எதைப் பார்க்கவில்லை என்று கேட்க வை. மூன்றாவது கட்டுரைக்கு, வினாவோடு தரும் பட்டியலில் உள்ள நூலையே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கனமான நூலைப் பாதி தெரிந்து எழுதுவதைவிட, தான் விரும்பிப் படித்த நூலில் நான்கைந்து காட்சிகளை நன்றாகத் தெரிந்து எழுதுவது மேல். நூல் கையில் இருக்காது என்பதால், கதைச் சுருக்கம் படித்து வருகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். கவிதைக்கு 40 நிமிடம் என்றால் முதல் பத்து நிமிடம் ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்பது என் மேசையின் விதி. பெற்றோர்கள் உச்ச மதிப்பெண்ணான ஐந்து வருமா என்று முதல் நாளே கேட்பார்கள். அவர்களுக்குப் பணிவாக விடை சொல், ஆனால் அந்தக் கேள்வியைப் பிள்ளையின் காதில் விழ விடாதே.

குறிப்புகளைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு தாளை வைத்திருக்கிறேன். உன்னுடைய 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை அது. நீ மேசையில் விட்டுப் போனதை நான் எறியவில்லை, நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டாவது பத்தியைப் பார். தந்தை மூட்டிய தீயைச் சொல்லும் அதே அமைதியான குரலில்தான் அவருடைய கோபத்தையும் மகன் சொல்கிறான், ஆகவே நன்றியையும் அச்சத்தையும் அவனால் பிரிக்க முடியவில்லை என்று பதினேழு வயதில் நீ எழுதியிருக்கிறாய். ஒரு தந்தையைப் பற்றி அப்படி எழுதலாமா என்று எண்ணி, அந்த வாக்கியத்தைத்தான் நான் குறுக்கே கோடிட்டு அடித்திருக்கிறேன். கோட்டுக்கு அடியில் உன் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

முதல் சனிக்கிழமை அந்தக் கவிதையை வாசித்த பிறகு, இந்தத் தாளை அந்த மூன்று பிள்ளைகளிடமும் கொடு. எழுதியவர் யார், அடித்தவர் யார் என்று சொல்ல வேண்டாம். அந்த வாக்கியத்தை நீக்கியது சரியா என்று மட்டும் கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா