செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத ஏலம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய படங்களும் கிடைத்தன. இங்கே மாரி இறங்கிவிட்டது. வாவி முட்டி நிற்கிறது, முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. அக்கரைப்பற்றிலும் வெயிலைக் காணவில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் எல்லாவற்றுக்கும் முதல் ஒரு வேலை செய்: மாமாவின் யாசிக்கா கமராவை அந்தத் தோல் உறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு மாரி அதற்குள் கிடந்தால் வில்லைக்குள் பூஞ்சணம் வேர்விட்டுவிடும். மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்தோடு வை. சின்ன ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே போட்டுவிடு. அது 40க்கும் 50க்கும் இடையில் காட்டினால் பயமில்லை.

மாமாவின் கமரா, மணிக்கூடு, நாணயங்கள், தபால் முத்திரைகள் என்று பழைய சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொழும்பு வியாபாரி ஒரே விலை சொல்லிக் கேட்கிறார், கொடுத்துவிடவா, ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலம் விடவா என்று கேட்டிருக்கிறாய். ஏலம் விடு. ஆனால் எல்லாவற்றையும் விடாதே, ஒரேயடியாகவும் விடாதே. சிலதை வெளிநாட்டுக்கு விற்கவே கூடாது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

கடற்கரையில் மீன் ஏலம் கூறும்போது வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான், வயிற்றை அமுக்கிப் பார்ப்பான், பிறகுதான் வாய் திறப்பான். ஈபேயில் அந்தக் கை இல்லை. ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய உச்ச விலையை மற்றவருக்குத் தெரியாமல் பதிந்து வைப்பார். கணினி அவருக்காகத் தேவையான அளவு மட்டும் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 200 டொலர் பதிகிறார், அடுத்தவர் 140 பதிகிறார் என்று வை. சாமான் 142.50க்குப் போகும். 100 டொலருக்கும் 250க்கும் இடையில் ஒரு படி 2.50. 200 தர ஆள் இருந்தும் உனக்கு 200 வராது. விலையைத் தீர்மானிக்கிறவர் தோற்றுப்போன அந்த இரண்டாமவர்தான். முதலாமவருக்கு அந்தச் சாமானில் ஆசை. குறை இருந்தாலும் வாங்குவார். இரண்டாமவருக்கு மனதில் சந்தேகம். வில்லைக்குள் என்ன கிடக்கோ என்ற பயத்துக்கு 60 டொலரைக் கழித்துவிட்டுத்தான் 140இல் நிற்கிறார். உன் படமும் எழுத்தும் அவருடைய பயத்தைப் போக்கவேண்டும். நான் கீழே எழுதுகிறதெல்லாம் அதற்காகத்தான்.

கமராவில் தொடங்கு. உன் படத்தில் இருப்பது மேட் 124ஜி. 1970இல் வந்த வகை, இரட்டை வில்லை, 80 மில்லிமீற்றர், துவாரம் 3.5. இன்றைக்கும் பிலிம் போட்டுப் படமெடுக்க விரும்புகிறவர்கள் தேடி வாங்குவது. "சோதிக்கவில்லை" என்று எழுதி விற்றால் வாங்குகிறவர் பழுது என்றே எண்ணி விலை போடுவார். சோதிப்பது பெரிய வேலை இல்லை. பின்கதவைத் திற. வேகத்தை பி என்ற இடத்தில் வைத்து, துவாரத்தை 3.5க்கு முழுதாக விரித்து, பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடி. பூஞ்சணம் இருந்தால் சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டுத் தெரியும். வெறும் தூசி என்றால் தனித்தனிப் புள்ளி. வில்லை முழுக்கப் புகைபோலப் பரந்திருந்தால் அது மூட்டம், படத்தின் கறுப்பு வெளிறிப்போகும். மேலே இருக்கும் பார்வை வில்லையில் பூஞ்சணம் இருந்தால் பெரிய நட்டமில்லை, படமெடுப்பது கீழ் வில்லைதான். இரண்டையும் பிரித்து எழுது.

அடுத்தது சட்டரின் வேகம். வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் தகடுதான் சட்டர். பழைய சட்டரில் வழக்கமாகப் பிழைப்பது மெதுவான வேகங்கள். உள்ளே இருக்கும் மசகு காய்ந்து பிசினாகி, ஒரு வினாடி என்றால் ஒன்றரை வினாடி நிற்கும், சிலவேளை மூடாமலே கிடக்கும். போனில் மெதுஓட்ட வீடியோ இருக்கிறதே, அதில் வினாடிக்கு 240 படம் என்று தெரிவுசெய். பின்கதவைத் திறந்து வெளிச்சமான வானத்தைக் கமராவுக்குக் காட்டிப் பின்பக்கத்திலிருந்து பதிவுசெய். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, வெளிச்சம் தெரிகிற படங்களை எண்ணு. 1/30 வினாடிக்கு 8 வரவேண்டும், 1/15க்கு 16, ஒரு வினாடிக்கு 240. உன் போனில் 120தான் உண்டென்றால் எல்லாம் பாதி. 1/125க்கு மேலே இந்த முறையால் அளக்க முடியாது, ஒன்றிரண்டு படத்தில் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தானாக எடுக்கும் கடிகாரக் கைப்பிடி முன்னால் இருக்கும், அதைத் தொடாதே. பழைய சட்டரில் அது பாதியில் இறுகினால் சட்டரே பூட்டிக்கொள்ளும். "அதை இயக்கவில்லை" என்று எழுதிவிட்டால் விபரம் தெரிந்தவர்கள் உன்னை மதிப்பார்கள்.

ஒளிமானிக்கு 1.35 வோல்ட் பாதரச பெற்றரி வேண்டும், அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் பெற்றரி போட்டால் முள் அசையும், ஆனால் அளவு பிழைக்கும். ஆகையால் "முள் அசைகிறது, சரியாகக் காட்டுமென்று சொல்லமாட்டேன்" என்பதே நேர்மையான வசனம். பின்கதவு ஓரத்துக் கறுப்பு ஸ்பொஞ்ச் தார்போல உருகிக் கையில் ஒட்டும். நம் பக்கத்து வெக்கையில் எல்லாக் கமராவிலும் இதுதான். மாற்றுவது இலகு என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், எழுதிவிட்டால் போதும். தயவுசெய்து வில்லையை நீயே கழற்றித் துடைக்கப் போகாதே. திருகாணித் தலையில் ஒரு கீறல் விழுந்தாலே ஆரோ திறந்திருக்கிறான் என்று இரண்டாமவர் பின்வாங்கிவிடுவார்.

மணிக்கூட்டுக்கு வருகிறேன். சீக்கோ 5இன் பின்மூடியில் நாலு இலக்கம், ஒரு சிறுகோடு, பிறகு நாலு இலக்கம் இருக்கும். முதல் நாலும் இயந்திரத்தின் எண், உன்னுடையது 6119. அதோடு தனியாக இருப்பது தொடர் எண். அதன் முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை அப்படியே, ஒக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. உன் படத்தில் 5என் என்று தெரிகிறது. 6119 எழுபதுகளில் ஓடிய இயந்திரம் என்பதால் அது 1975 நவம்பர். இதைத் தலைப்பிலேயே போடு. ஆனால் முகத்தட்டை நன்றாகப் பார். இந்தியாவில் புதுப் பெயின்ற் அடித்துப் பளபளப்பாக்கிய சீக்கோக்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்து, சேகரிப்பவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கின்றன. எழுத்து தடித்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் கோணினாலோ அது மறுபெயின்ற். மங்கிய, கறைபட்ட அசல் தட்டு அதைவிட மேல். கடைக்காரர் ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் படம் எடு. முடுக்கும் குமிழை விட்டுவிட்டு விட்டம் எத்தனை மில்லிமீற்றர், பட்டி பூட்டும் இடைவெளி எத்தனை, 24 மணித்தியாலத்தில் எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, இந்த மூன்றையும் எழுது.

படங்களைக் காலை எட்டரை வாக்கில் விறாந்தை நிழலில், சாம்பல் நிறத் துணியின் மேல் எடு. பிளாஷ் வேண்டாம். 24 படம் வரை போடலாம். அதில் குறைந்தது பத்துப் படம் குறைகளைக் காட்டவேண்டும்: கீறல், பள்ளம், உரிந்த தோல். தலைப்புக்கு 80 எழுத்துத்தான், ஆங்கிலத்தில். அதை "அருமையான", "கிடைப்பதற்கரிய" என்று வீணாக்காதே. எவரும் அந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவதில்லை. கம்பெனி, வகை எண், வில்லை, இயங்குகிறதா என்பதே போதும்.

இனி நாணயங்கள். முதல் விடயம், கழுவாதே. புளி போட்டு விளக்கினால் செம்பின் மண்ணிறம் போய் இளஞ்சிவப்பாகும், சேகரிப்பவர் கண்ணுக்கு அது செத்த காசு. இப்போது போட்டு வைத்திருக்கிற பிவிசி உறைகளும் கூடாது, நாள்பட்டால் பச்சையாய்க் கசியும். இரண்டாவது விடயம் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவை தொல்பொருள். நாணயம், நகை, ஆயுதம், எழுத்து எல்லாம் அதற்குள் வரும். தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் வீஓசி என்ற எழுத்துப் பொறித்த செம்புக்காசு நம் பக்கத்து வீடுகளில் இன்றும் கிடக்கும். ஆண்டு காசிலேயே இருக்கும், பார். அவற்றை ஒதுக்கி வை. வெளிநாட்டில் அவற்றுக்குச் சில டொலர்தான், அதற்காகச் சட்டத்தோடு மோதவேண்டாம். யானை பொறித்த 1821ஆம் ஆண்டு வெள்ளி ரிக்ஸ் டொலர் நாணயம் அந்த எல்லைக்குப் பிந்தியது, ஆனாலும் அனுப்புமுன் தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சாமான்களுக்கு அடியில் கிடக்கும் ஓலை ஏட்டுக்கட்டை மட்டும் எந்த விலைக்கும் கொடுக்காதே மச்சான். ஓலையில் ஆண்டு இருக்காது, 1815க்கு முந்தியதா பிந்தியதா என்று உன்னால் காட்ட முடியாது. அதைவிட, அது வைத்திய ஏடோ அம்மன் சடங்குக்குப் படிக்கிற ஏடோ, இந்த மண்ணில் வாசிக்க ஆள் இருக்கும்வரை இங்கேதான் இருக்கவேண்டும். நூலக நிறுவனம் போன்றவர்கள் ஆவணங்களை மின்பிரதி எடுத்து வைக்கிறார்கள், அவர்களோடு கதை. தந்தப் பிடி போட்ட கத்தியும் ஆமையோட்டுச் சீப்பும் அப்படியே வீட்டில் இருக்கட்டும். தந்தத்தை ஈபே 2009இலிருந்து ஏற்பதில்லை, நாட்டுச் சட்டங்களும் தடுக்கும். தபால் முத்திரைகளில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது, அவற்றைக் கூட்டாக ஒரே பொதியாக விற்றுவிடு.

விலை அறிய, தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்ற தெரிவைப் போடு, கடந்த 90 நாளில் உண்மையாகப் போன விலைகள் வரும். கேட்கிற விலையைப் பார்த்து ஏமாறாதே. யாசிக்காவுக்கு ஆள் நிறைய, குறைந்த விலையில் தொடங்கினாலும் தானாக ஏறும். ரிக்ஸ் டொலருக்கு உலகமெங்கும் பத்துப் பேர் பார்த்தால் அதிகம். அந்த வாரம் இரண்டாமவர் வராவிட்டால் தொடக்க விலைக்கே போய்விடும், ஆகவே இதற்குக் குறைந்து தரமாட்டேன் என்ற விலையிலேயே தொடங்கு. மருமகனைக் கொண்டு விலை கேட்கவைத்து ஏற்றிவிடும் எண்ணம் வேண்டாம், அது தடை, கணக்கையே மூடுவார்கள். ஏழு நாள் ஏலத்தைத் திங்கள் காலை 7.30க்குத் தொடங்கு. இந்த மாதங்களில் அது நியூயோர்க்கில் ஞாயிறு இரவு 9 மணி. முடிவும் அதே நேரம், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கடைசி நிமிடம் வரை விலை அசையாது கிடந்தால் பதறி நிறுத்தாதே. பழகியவர்கள் கடைசிச் சில வினாடியில்தான் பதிவார்கள்.

புதுக் கணக்குக்கு மாதத்தில் சில சாமான்தான் விடுவார்கள், பணத்தையும் சிலகாலம் பிடித்து வைப்பார்கள். ஆகவே முதலில் நாலைந்து மலிவுச் சாமானை விற்று நற்பெயர் சேர். காசு பயோனியர் என்ற இணையப் பணச் சேவைக் கணக்கு வழியாக உன் வங்கிக்கு வரும். ஈபேயின் கழிவு வகைக்கு வகை மாறும், 13 வீதத்தைச் சுற்றி என்று வை. அது தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தில் கழியும், இதை மறந்துதான் பலர் நட்டப்படுகிறார்கள். 142.50 விலை, 35 தபால் என்றால் 177.50இல் 13 வீதம், அதாவது 23 டொலர். நாணய மாற்றுக் கழிவு வேறு.

பொதி கட்டும்போது பெட்டிக்குள் பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மெத்தை. உலுக்கினால் சத்தம் வரக்கூடாது. கூரியர் என்றால் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்த எடைக்குக் காசு கேட்பார்கள்: 30, 25, 20 அளவுப் பெட்டி ஒன்றரைக் கிலோ நிறுத்தாலும் 3 கிலோ. சுங்கப் படிவத்தில் உண்மையான விலையை எழுது, அன்பளிப்பு என்று எழுதாதே. பொதி தொலைந்தால் எழுதிய விலைக்கு மேல் கேட்க முடியாது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா 800 டொலர் வரைக்கும் இருந்த தீர்வைச் சலுகையை நிறுத்திவிட்டது, ஆகவே அங்கே அனுப்புமுன் தபாற்கந்தோரில் அன்றைய நிலையைக் கேள்.

தொடர் எண் தெரிய, பொதி ஒட்டி முடியும்வரை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வை. வேறொரு பழுதான கமராவைத் திருப்பி அனுப்பிக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு கட்டிய பிறகு வேறு விலாசத்துக்கு அனுப்பு என்றால் அனுப்பாதே, பதிவில் உள்ள விலாசத்துக்குத்தான் உனக்குப் பாதுகாப்பு. 750 டொலருக்கு மேற்பட்டதைக் கையொப்பம் வாங்கிக் கொடுக்கும் சேவையில் அனுப்பு.

கமராவை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அந்தப் படத்தை முதலில் எனக்கு அனுப்பு. வெயில் ஒரு நாள் எறித்தால் நல்லது. தலைப்பையும் விபரத்தையும் நீ எழுது, நான் திருத்தி அனுப்புகிறேன். மாமியை நான் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி