எரிந்த கட்டடத்தை இருந்த அளவில் கட்ட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஆண்டு ஜூலையில், விடிவதற்குச் சற்று முன்பு, எங்கள் மாவு மில் எரிந்தது. பினாங்கு டத்தோ கெராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே மில்லும் மேலே வீடுமாக அப்பா காலத்திலிருந்து இருந்துவரும் கட்டடம். தீ எங்களிடம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு உத்தரத்தில் ஒயர் கருகிப் பற்றியது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் ஓடு வரை எழும்பவில்லை, உத்தரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் கட்டையும் ஓடும்தான். அந்த வழியாகத் தீ எங்கள் பக்கம் வந்துவிட்டது.

பொம்பா (தீயணைப்புப் படை) வந்தபோது பின்கட்டில் அடுக்கியிருந்த மிளகாய் மூட்டைகள் பற்றிக்கொண்டிருந்தன. அந்த நெடியில் சந்தே இருமியது. ஓடிவந்து உதவிய பையன்கள் இருவர் கண்ணைத் திறக்க முடியாமல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய புண்ணியம். முன்கட்டு தப்பியது. அப்பா வாங்கிய அரவை இயந்திரமும் கரி பிடித்து அப்படியே நிற்கிறது. மோட்டாரை மாற்றினால் ஓடும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதை வைத்து ஓட்டத்தான் கூரை இல்லை.

சரி, திரும்பக் கட்டுவோம் என்று பிளான் வரைபவரைக் கூப்பிட்டேன். டேப்பைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது ரிப்பேர் இல்லை. புதுக் கட்டடத்துக்கு உள்ள மனுதான் போடணும்" என்றார். எரிந்தது போதாதென்று அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது.

எங்கள் கட்டடத்தின் அகலம் 16 அடி. நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு முற்றம், அகலம் ஆறடி. இன்றைய கட்டட விதிப்படி இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் முற்றம் வைத்தால் 7 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், எந்தப் பக்கம் அளந்தாலும் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது எட்டடிக்கு மேல். சுவரையும் கழித்தால் பக்கத்தில் ஏழடிதான் மிஞ்சும். அதில் நடப்பதா, சமைப்பதா? அப்புறம் முன்னால் சாலைக்கு விட வேண்டியது, பின்னால் சந்துக்கு விட வேண்டியது. பிளான்காரர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியபோது இயந்திரம் நிற்கும் இடம் கோட்டுக்கு வெளியே இருந்தது.

இடம் போகட்டும், தொழிலும் கேள்வியாகிவிட்டது. எங்கள் சந்து இப்போது குடியிருப்புப் பகுதி. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம், உள்ளூர்த் திட்டம் வருவதற்கு முன்பே முறைப்படி நடந்துவந்த பயன்பாட்டைத் தொடர அனுமதிக்கிறது. நியாயமான சட்டம். லைசென்ஸை ஒரு வருடம்கூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறோம். ஆனால் கூரை விழுந்து பத்து மாதம் அரவை நின்றுபோனால், அது தொடர்கிற தொழிலா, விட்டுப்போன தொழிலா? விசாரித்த இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில். யாருமே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுத்தில் தெளிவாக இருந்தால்தானே அவர்களாலும் சொல்ல முடியும்?

விதியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பொதுச்சுவர் கூரைக்கு மேலே குறைந்தது 230 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்று அதே விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஒன்பது அங்குலச் சுவர் அன்றைக்கு இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது. அதைக் கட்டாயமாக்குங்கள். ஒயரிங், தப்பிக்கும் வழி, தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் புதுக் கட்டடம் போலவே கேளுங்கள், கடன் வாங்கியாவது செய்கிறேன். ஆனால் உயிரைக் காக்கும் விதி வேறு. முற்றத்தின் அகலம், முன்பின் இடைவெளி, எந்தப் பகுதியில் என்ன தொழில் என்கிற விதிகள் வேறு. விபத்தில் கட்டடத்தை இழந்தவரிடம் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மகன் குவான்டிட்டி சர்வேயர், கட்டடச் செலவைக் கணக்கிடும் வேலை. அவன் சொன்னது இது: நியூயார்க் நகரத்தில் இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்களாம். இன்றைய அளவு விதிகளுக்குப் பொருந்தாத பழைய கட்டடம் தரைப்பரப்பில் 75 விழுக்காட்டுக்குக் கீழ் சேதமானால் பழையபடி கட்டிக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் இன்றைய விதிதான். ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. எண் எதுவானாலும், முன்கூட்டியே தெரிகிறது பாருங்கள். இங்கேகூட ஜார்ஜ்டவுனில் 2008இல் யுனெஸ்கோ அங்கீகரித்த மரபுடைமைப் பகுதிக்கு 2016 முதல் அரசிதழில் வெளியான சிறப்புத் திட்டம் இருக்கிறது. எந்த வீட்டை எப்படிக் கட்டலாம் என்று படித்தறியலாம். அந்த 259 ஹெக்டர் பகுதிக்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் தெளிவு, அதன் எல்லைக்கு வெளியே இருக்கும் எங்களுக்கும் வேண்டும்.

சலுகை கொடுத்தால் வேண்டுமென்றே இடித்துவிட்டு வருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். பயம் நியாயமானதுதான். 1993 கிறிஸ்துமஸ் அன்று மெட்ரோபோல் என்ற பழைய ஓட்டலை அனுமதியில்லாமல் இடித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அபராதம் வெறும் 6,500 ரிங்கிட். இப்போது திட்டமிடல் சட்டத்தை மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. தானே இடித்தவருக்கும், ஒழுக ஒழுக விட்டுச் சாய்த்தவருக்கும் ஒரு சலுகையும் வேண்டாம். தீயணைப்புத் துறை தரும் அறிக்கையே யார் எந்த வகை என்று காட்டிவிடுமே.

ஆகவே மாநில அரசுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் என் வேண்டுகோள் இது. விபத்தில் சேதமான கட்டடத்தை, பழைய அளவிலும் பழைய பயன்பாட்டிலும், பாதுகாப்பு விதிகளை மட்டும் புதிதாகச் சேர்த்து, இன்ன காலத்துக்குள் கட்டிக்கொள்ளலாம் என்று எழுத்தில் ஒரு விதி போடுங்கள். மனுவுக்கு எத்தனை நாளில் பதில் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

நாள் கணக்கை நான் சும்மா கேட்கவில்லை. எங்கள் தீக் காப்புறுதியில் 12 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று இருக்கிறது; நீட்டிப்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. போன தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க அரிசியும் உளுந்தும் வறுத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், பூட்டிய கதவைப் பார்த்து, "எப்பக்கா திறப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
மாவு மில்காரர் மகள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு