பதினேழு வீட்டுச் சாமை

மடிப்பாக்கம், சென்னை
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே விடாத மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்தது. வீட்டில் எல்லோரும் நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மலை ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் கெட்ட செய்தி. ஆடியில் கொல்லிமலையிலிருந்து உங்கள் பெண்கள் குழு அனுப்பிய 50 கிலோ சாமை அரிசியில் 32 கிலோதான் விற்றது. மீதியில் புரட்டாசிக்குள் வண்டு விழுந்துவிட்டது. ஒரு டப்பாவைத் திறந்தால் காறல் வாடை. வாங்கியவர்களில் இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டேன். தப்பு உங்கள் மேல் இல்லை. தவிடு நீக்காத அரிசி அது. தவிட்டில் இருக்கும் எண்ணெய்ச் சத்து சென்னையின் ஈரக் காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகிறது. கடைகளில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்பது அதிக நாள் தாங்குகிறது, ஆனால் சாமையை எதற்காகத் தேடி வாங்குகிறோமோ அந்தச் சத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விடுகிறது. உமியோடு இருக்கும்வரை சாமைக்கு ஒன்றும் ஆவதில்லை. உங்கள் ஊர்க் குதிர்களில் போன வருஷத்துத் தானியம் புதுசு மாதிரி கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரே தடவையில் 50 கிலோவையும் அரைத்து அனுப்பச் சொன்னது என் தப்பு.

இதை எழுதும்போது நான் முதல்முதலாகக் கொல்லிமலைக்கு வந்த நாள் ஞாபகம் வருகிறது. உனக்குச் செம்மேட்டுப் பக்கம் வேலை கிடைத்த புதிது. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு உலக்கைச் சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்கள். குத்துவது, முறத்தில் புடைப்பது, நேம்புவது, மறுபடியும் குத்துவது. அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு அவ்வளவு பாடு. அதை முடித்துவிட்டுத்தான் காட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். அதில் மூத்தவர் என் கையைப் பிடித்துப் பேசியபோது அவர் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தது.

அதனால்தான் இங்கே யாராவது "மலைவாழ் மக்களே பாரம்பரிய உணவை விட்டுவிட்டார்கள்" என்று மேடையில் வருத்தப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் விட மாட்டார்கள்? 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். அதைக் களைந்து உலையில் போட்டால் முடிந்தது. பெண்களின் தோளும் இடுப்பும் அன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்தன. சாமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் உலக்கையைத் திரும்பக் கொண்டுவராமல் செய்ய வேண்டும். உங்கள் குழுவுக்கு உமி நீக்கும் இயந்திரம் வந்த அன்று நீ எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார்கள்" என்று எழுதியிருந்தாய்.

தரமணி வழியாகப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் பேரிலான ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்க்கிறேன். 1988இல் தொடங்கிய அந்த நிறுவனத்தார் தொண்ணூறுகளிலேயே உங்கள் மலைக்கு வந்து சிறுதானிய வேலையை ஆரம்பித்தவர்கள். விதை வங்கி, சிறு அரவை இயந்திரம், பெண்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. 2023 செப்டம்பர் 28 அன்று சுவாமிநாதன் இந்தச் சென்னையில்தான் காலமானார். ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டும் அதே வருஷம்தான். கோதுமை, நெல் விளைச்சலைப் பெருக்கிய பசுமைப் புரட்சியின் பேரோடு சேர்ந்தவர், பிற்காலத்தில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ஒவ்வொரு நாட்டு ரகத்தையும் பேர் சொல்லிக் காப்பாற்றும் வேலைக்குத் துணை நின்றார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தப் பேர்களையும் எந்த விதை எந்த மண்ணுக்கு என்பதையும் மனசில் வைத்திருந்தவர்கள் உங்கள் ஊர்ப் பெண்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "மரவள்ளி ஜெயித்தது ருசியால் இல்லை, முன்பணத்தால்." இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வரிசி ஆலைக்காகக் கிழங்கு வாங்கும் தரகர் நடவுக்கு முன்னாலேயே பணம் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, வீட்டில் ஒரு காய்ச்சல் என்றால் அந்தப் பணம்தான் ஓடுகிறது. சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி மழையில் அடித்துக்கொண்டு போகிறது என்பது பயிரிடுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் சாமையை விரும்பும் நாங்கள் எப்போது பணம் கொடுக்கிறோம்? விளைந்து, அரைத்து, பை போட்டு, இங்கே வந்து, விற்ற பிறகு. நகரத்துக் கடை ஒன்று உங்கள் பெண்களின் படத்தைப் பையில் அச்சடித்து விற்றுவிட்டு, பணத்தை நாலு மாதம் கழித்து அனுப்பியதை மறக்க முடியுமா?

அதனால் எங்கள் குடியிருப்பில் பேசிப் பார்த்தேன். வாட்ஸாப்பில் போட்டால் கைகூப்பும் படம்தான் வரும் என்று தெரிந்து, வீடு வீடாகப் போனேன். மாதம் 2 கிலோ, ஆறு மாதத்துக்கு, கிலோ 120 ரூபாய், பாதிப் பணம் விதைப்புக்கு முன்னாலேயே. பதினேழு வீடு ஒத்துக்கொண்டது! வீட்டுக்கு 720 ரூபாய், மொத்தம் 12,240. ஆறு மாதத்துக்கு 204 கிலோ அரிசி. 100 கிலோ தானியத்துக்கு அறுபது கிலோ சொச்சம் அரிசி தேறும் என்று நீ சொன்ன கணக்குப்படி, 340 கிலோ தானியம் ஒதுக்கினால் போதும். மாதா மாதம் 34 கிலோ மட்டும் அரைத்து அனுப்புங்கள். வண்டுக்கும் வேலை இருக்காது, காறலும் வராது.

ஆனால் இந்த முன்பணம் என்ற சொல்லைச் சொல்லும்போதே எனக்கு உள்ளூர ஒரு பயம். நம் பக்கத்து இருளர் பழங்குடியினரை யோசித்துப் பார். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பம் குடும்பமாக எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள். எல்லாம் ஒரு முன்பணத்தில் ஆரம்பித்ததுதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தும், அதற்குப் பிறகும் மீட்கப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே இருளர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பு போனது. 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து மருந்துக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதே காடு, அதே கைத்திறன். ஒரு பக்கம் கணக்குப் புத்தகம் முதலாளியிடம், இன்னொரு பக்கம் அவர்கள் சங்கத்திடம். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் மூலிகை நாற்று வளர்ப்பதைப் போன வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எந்தச் செடி எதற்கு என்று ஒரு பாட்டி சொல்லச் சொல்ல எனக்கு எழுதிக்கொள்ளக் கை போதவில்லை.

அதனால் நாங்கள் கொடுப்பது கடன் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். மழை பொய்த்தால், காட்டுப்பன்றி புகுந்தால், பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். பதினேழு வீட்டிலும் இதை வெளிப்படையாகச் சொல்லித்தான் வாங்கினேன். இரண்டு வீடு அந்த நிபந்தனையைக் கேட்டுப் பின்வாங்கியது, அவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. நிலத்தில் எதை விதைப்பது என்பதில் எங்களுக்குப் பேச்சில்லை. கேழ்வரகு போடுகிறார்களா, ஊடே அவரை, துவரை போடுகிறார்களா, அது அவர்கள் முடிவு. கணக்குப் புத்தகம் குழுவிடமே இருக்கட்டும்.

அப்புறம், கணவனை இழந்த அந்த அம்மாவின் பட்டா விஷயம் என்ன ஆயிற்று? 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில், கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டாகத்தான் உரிமை கொடுக்க வேண்டும் என்றும், ஒருவரே குடும்பத்தை நடத்தினால் அவர் பேரிலேயே தர வேண்டும் என்றும் தெளிவாக இருக்கிறது. மகன் பேரில் எழுது, கொழுந்தன் பேரில் எழுது என்று யாராவது சொன்னால் அவர் சம்மதிக்க வேண்டாம். அந்த நிலத்தை விற்க முடியாது, ஆனால் வாரிசுக்குப் போகும். கிராம சபையில் மனு கொடுத்த நகலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. 120 ரூபாய் நான் போட்ட விலை. அரவைக் கூலி, பை, லாரிச் செலவு எல்லாம் சேர்த்துக் கட்டுப்படியாகாது என்றால் அவர்கள் விலையைச் சொல்லட்டும், நான் மறுபடியும் பதினேழு வீட்டுக் கதவையும் தட்டுகிறேன். குழுவின் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால் மறுநாளே பணம் வந்துவிடும். தை பிறந்ததும் சேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து மேலே வருகிறேன். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் கையோடு கொண்டுவருவேன்.

ஒன்றை மட்டும் உடனே கேட்டு எழுது: விதைக்கும் வீட்டுக்கும் எடுத்துவைத்தது போக, யார் யாரிடம் எவ்வளவு சாமை மீதி இருக்கிறது?

உன் அன்புள்ள,
வசந்தா