மீனவர் கதைக்கு ஒரு வருஷம் இருக்கு சார், அதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல இடம் மிச்சமிருந்துச்சு போல, படிச்சதுல பிடிச்சதுன்னு ஒரு குட்டிக் கதை போட்டிருந்தீங்க. படகுல படுத்துத் தூங்கிட்டிருக்கற மீனவன்கிட்ட ஒரு பணக்காரர் போய், இன்னும் நாலு தடவை கடலுக்குப் போ, மோட்டார் வாங்கு, பெரிய படகு வாங்கு, ஃபேக்டரி கட்டு, அப்புறம் நிம்மதியா கடற்கரையில படுத்துக்கலாம்ப்பார், அவன் அதைத்தானே இப்பவே பண்றேன்ம்பான். எனக்கே வாட்ஸ்அப்ல பத்து தடவையாவது வந்திருக்கும், ஒரு தடவை அமெரிக்க எம்பிஏ, ஒரு தடவை மெக்சிகோ மீனவன், ஒரு தடவை நம்ம ராமேஸ்வரம். உங்க பக்கத்துலயும் எழுதுனவர் பேரே இல்ல, "யாரோ சொன்னது" அவ்வளவுதான்.

அது யாரோ இல்ல சார், ஹைன்ரிஷ் ப்யோல். 1972ல நோபல் பரிசு வாங்குனவர். 1963 மே 1 தொழிலாளர் தினத்துக்காக வடஜெர்மன் ரேடியோவுக்கு எழுதிக் கொடுத்தது, தலைப்பே நக்கல், வேலை பாக்கற ஒழுக்கத்தைக் குறைக்க ஒரு துணுக்குன்னு. மே தினத்துல அதைப் போய் ரேடியோவுல சொல்றார்னா யாரைப் பாத்து சொல்றார்னு யோசிக்கணும். போர் முடிஞ்சு 18 வருஷம், மேற்கு ஜெர்மனி பொருளாதார அதிசயம்னு மார் தட்டிட்டிருந்த நேரம், அதே வருஷம் அக்டோபர்ல அந்த அதிசயத்தோட அப்பான்னு பேர் வாங்குன எர்ஹார்ட் பிரதமரே ஆகறார். வேலை, வேலை, இன்னும் வேலைன்னு ஓடுனா பழசை நினைக்க வேண்டாம் பாருங்க. அந்த ஊர் ஆளுங்களுக்கு எழுதுன கதை இது. வருஷத்தை உருவிட்டீங்கன்னா "கிடைச்சதை வச்சு சந்தோஷமா இரு"ன்னு தத்துவம் மாதிரி ஆயிடுது, சம்பளம் கூட கேக்கறவனுக்கு முதலாளியே ஃபார்வர்ட் பண்ணலாம்.

நான் நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மனி போற பிள்ளைங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தர்றவ. பரிட்சைக்கு கதை எல்லாம் வேண்டாம்தான், ஆனா பி2ங்கற ஜெர்மன் பரிட்சை நிலை வந்ததும் நான் வோல்ஃப்காங் போர்ஷெர்ட் எழுதுன ரொட்டி கதையை எடுத்துடுவேன், வார்த்தை அவ்வளவு எளிசு. ராத்திரி ரெண்டரை மணி, கிழவிக்கு முழிப்பு வருது, பக்கத்துல புருஷன் இல்ல, சமையக்கட்டுல நிக்கறார். மேஜையில கத்தி, விரிப்புல ரொட்டித் துணுக்கு. ஏதோ சத்தம் கேட்டுச்சு, அதான் வந்தேன்னு பொய் சொல்றார். 39 வருஷம் குடும்பம் நடத்துன மனுஷன் பொய் சொல்றதைத்தான் அவளால தாங்க முடியல, ஆனா ஒண்ணும் கேக்காம, தட்டைப் பாக்கக் கூடாதுன்னு லைட்டை அணைச்சு கூட்டிட்டுப் போயிடறா. படுக்கையில அவர் மெல்ற சத்தம் கேக்குது, தூங்கற மாதிரி மூச்சு விடறா. மறுநாள் ராத்திரி தன் பங்குல ஒரு துண்டை அவர்கிட்ட தள்ளி, நாலு சாப்பிடுங்க, எனக்கு இந்த ரொட்டி ஒத்துக்கலங்கறா.

முதல்ல நான் இதை வயசான ஜோடியோட அன்புன்னுதான் சொல்லித் தந்தேன், எனக்குச் சொல்லித் தந்தவரும் அப்படித்தான் சொன்னார். ஒரு பொண்ணு எழுந்து, ஏன் மேடம் இன்னொரு ரொட்டி வாங்கிக்க வேண்டியதுதானேன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து யோசிச்சா சிரிக்க வேண்டியது என்னைப் பாத்துதான். அந்தக் கேள்விக்கு கதைக்குள்ள பதில் இல்ல, கதை எழுதுன வருஷத்துல இருக்கு, 1946. ரொட்டி எல்லாம் கார்டுக்கு, அளந்துதான். போர்ஷெர்ட் ஊர் ஹாம்பர்க், அது பிரிட்டிஷ்காரங்க கையில இருந்த பகுதி, அந்த வருஷம் வசந்தத்துல தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1000 கலோரின்னு இறக்கிட்டாங்க, அதுக்கப்புறம் வந்த குளிர்காலத்துக்கு பசிக் குளிர்காலம்னே பேர். அப்படிப் பாத்தா பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு துண்டு வெட்டுறது அவ வயித்துலேர்ந்து எடுக்கறது. கதையில ரேஷன்ங்கற வார்த்தையே வராது, எதுக்கு வரணும், படிச்சவங்க எல்லாரும் அதே பசியில இருந்தவங்க. 1948 ஜூன் 20 புது மார்க், அதாவது புது நாணயம், வந்துச்சு, மறுநாளே கடை ஜன்னல் எல்லாம் சாமான் நிறைஞ்சுடுச்சு. ரெண்டு வருஷம் தள்ளி எழுதியிருந்தா இந்தக் கதையே வேற.

அவரோட இன்னொரு கதையில குண்டு விழுந்து எல்லாரையும் பறிகொடுத்த ஒருத்தன் சமையக்கட்டு கடிகாரத்தைக் கையில வச்சுட்டு உக்காந்திருப்பான், அதுவும் ரெண்டரையிலதான் நின்னுருக்கும். ராத்திரி ரெண்டரைக்கு வீட்டுக்கு வந்தா அம்மா எழுந்து சாப்பாடு சூடு பண்ணித் தருவாளாம். எனக்கு இப்ப எந்தக் கடிகாரத்துல ரெண்டரை பாத்தாலும் ஒரு மாதிரி இருக்கும், அது என் பைத்தியம், விடுங்க.

ப்யோலோட 1950 கதை ஒண்ணு, தலைப்பு "வழிப்போக்கனே, நீ ஸ்பா..."ன்னு பாதியில நிக்கும். அடிபட்ட சின்னப் பையன் சிப்பாயை ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஸ்கூலுக்குள்ள தூக்கிட்டு வர்றாங்க, ஆஸ்பத்திரி ஆக்கிட்டாங்க அதை. கரும்பலகையில அவன் கையெழுத்து, இடம் பத்தாம ஸ்பார்ட்டாவுல பாதி வெட்டுப்பட்டு. மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அவன் படிச்ச ஸ்கூல். அப்பதான் தெரியுது ரெண்டு கையும் இல்ல, ஒரு காலும் இல்ல. அந்தக் கரும்பலகை வரி, தெர்மோபிலே போர்ல செத்த ஸ்பார்ட்டா வீரங்களுக்கு எழுதுன பழைய கிரேக்க வரி. இதே வரியை 1943 ஜனவரி 30 ஹிட்லரோட விமானப்படைத் தலைவன் கோரிங் எடுத்து பேசுனான், ஸ்டாலின்கிராட்ல சாகக் கிடந்த ஜெர்மன் சிப்பாய்ங்களுக்கு. இது தெரியாம படிச்சா கையில்லாத பையன் பாவம், அவ்வளவுதான். தெரிஞ்சா அந்தப் பாடம் நடத்துன வாத்தியார்ங்களே கூண்டுல நிப்பாங்க.

ஆனா ஒண்ணு. போர் முடிஞ்ச கையோட எழுதுன இந்தக் கதைகளுக்கு இடிபாட்டு இலக்கியம்னு பேர், அது மொத்தத்தையும் அடுக்கி வச்சு படிச்சா நெஞ்சுல ஒண்ணு நெருடும். 1943 ஜூலையில ஹாம்பர்க்ல குண்டு போட்டு ஊரே எரிஞ்சுது, 30,000க்கு மேல சாவு. போர்ஷெர்ட் கதையில ஒன்பது வயசுப் பையன் இடிபாட்டுக்கடியில கிடக்கற தம்பியை எலி தின்னுடக் கூடாதுன்னு காவல் காக்கறான், ராத்திரி எலி தூங்கிடும்ப்பா, நீ வீட்டுக்குப் போன்னு ஒரு பெரியவர் பொய் சொல்லி அவனைக் காப்பாத்தறார், படிச்சு அழாதவங்க இருக்க மாட்டாங்க. சரி, அந்தக் குண்டு ஏன் விழுந்துச்சு, பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் எங்க போச்சு, இது இந்தக் கதைகள்ல பெரும்பாலும் இல்ல. போர்ஷெர்ட்டைக் குத்தம் சொல்லல, ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸை கிண்டல் பண்ணதுக்கு ஜெயிலுக்குப் போனவர் அவர், 26 வயசுல செத்தும் போனார். ஆனா எழுதாம விட்டதும் அந்தக் காலத்தோட அடையாளம்தானே.

எலிசபெத் லாங்கேஸர் அதே சமயத்துல எழுதுனாங்க. 1936லயே எழுதக் கூடாதுன்னு தடை, அப்பா வழியில யூதர்ங்கறதால. மூத்த மகள் ஆஷ்விட்ஸ் போயி உயிரோட திரும்புனவ. சீசன் ஆரம்பம்னு ஒரு கதை, மலையூர், மூணு பேர் ஒரு போர்டு நட வர்றாங்க, எங்க நட்டா எல்லார் கண்ணுலயும் படும்னு பாத்துப் பாத்து, ஊர் நுழைவுல இருக்கற சிலுவைக்குப் பக்கத்துலயே நடறாங்க. வர்றவங்க போறவங்க பாத்துட்டு வேலையப் பாத்துட்டுப் போறாங்க. கடைசி வரியிலதான் போர்டு என்னன்னு தெரியும், இந்த ஊருக்கு யூதர்கள் வர வேண்டாம். என்னைக் கேட்டா ரொட்டி கதையையும் இதையும் ஒரே நாள்ல படிக்கணும். இப்பல்லாம் என் கிளாஸ்ல அப்படித்தான், சிலபஸ் எப்படிப் போனாலும்.

நீங்க மாசாமாசம் மொழிபெயர்ப்புக் கதை போடறீங்க, நல்ல விஷயம். கதைக்கு அடியில மொழிபெயர்த்தவர் பேர் இருக்கு, ஓவியர் பேர் கூட இருக்கு, எழுதுன வருஷம் மட்டும் இருக்கறதில்ல. நாலு எண், அரை வரி கூட ஆகாது.

மீனவர் கதைக்கு அடுத்த இதழ்ல திருத்தம் போடுவீங்கன்னா ப்யோல், 1963ன்னு போட்டா போதும். அப்படியே கேமரா சத்தத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க. கதையில வர்றவர் ஃபோட்டோ எடுக்கற டூரிஸ்ட், அந்த க்ளிக் சத்தத்துலதான் மீனவர் முழிச்சுக்குவார். கடைசியில அவர் சொல்றதும் நீங்க போட்டதோட நிக்காது: உக்காந்து கடலைப் பாத்துட்டுதான் இருக்கேன், நடுவுல உங்க க்ளிக் சத்தம்தான் தொந்தரவுன்னு முடிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, திருச்சி