"டோன்ட் கேரி ஆன்"னா வேலை போச்சுன்னு அர்த்தமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற இங்கிலீஷ் கத்துக்கற பகுதிய இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல உக்காந்து போன்லயே வாராவாரம் படிக்கறவ நான். போன வாரம் கேரி ஆன் (carry on) வந்துச்சு, அதுக்கு நேரா 'தொடர்'னு ஒத்தை வார்த்தை போட்டு ரெண்டு உதாரணத்தோட முடிச்சிட்டீங்க. தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்த ஒத்தை வார்த்தைய நம்பித்தான் நான் ஒரு நாள் டிபன் பாக்ஸ தூக்கிட்டு வேலைய விட்டு கெளம்பினேன், அதான் எழுதறேன்.

கல்யாணமாகி வந்த புதுசு, டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல ஒரு பூஜை சாமான் கடையில வேலைக்கு சேந்திருந்தேன். ஓனர் ஆன்ட்டி நம்ம ஆளுங்கதான், பாட்டன் பூட்டன் காலத்துல மெட்ராஸ்ல கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், ஆனா இப்ப வீட்டுல பேச்செல்லாம் இங்கிலீஷ், தமிழ்ல சாமி பாட்டு மட்டும் கணீர்னு வரும். அன்னிக்கு தைப்பூச காவடிக்கு மொத நாள், கடையில நிக்க எடமில்ல, நான் மேல் தட்டுல இருந்து குங்குமப் பெட்டிய எறக்கறேன்னு கை நழுவ விட்டுட்டேன். தரை, சேலை, வாங்க வந்தவங்க செருப்பு எல்லாம் செவப்பு. ஐயோ ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டு சாரி ஆன்ட்டி சாரி ஆன்ட்டின்னு நான் பாட்டுக்கு பொலம்பறேன், அவங்க கல்லாவுல இருந்து எட்டிப் பாத்து "டோன்ட் கேரி ஆன், மேன்!"னாங்க (பொம்பளையப் பாத்தும் மேன்னுதான் சொல்வாங்க இந்த ஊர்ல). நான் மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டேன், கேரி ஆன்னா தொடர், டோன்ட் கேரி ஆன்னா தொடராதே, சரி சீட்டு கிழிஞ்சதுன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு பைய எடுத்துட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். வேலைக்கார பையன் ஓடி வந்து கூட்டிட்டுப் போனான்.

அவங்க சொன்னது "இந்த அலப்பறைய நிறுத்து"ன்னு. ஆர்ப்பாட்டம் பண்றது, ஊரைக் கூட்டறது, ஒண்ணுமில்லாததுக்கு குதிக்கறது, இதுக்கெல்லாம் கேரி ஆன்தான். இந்த ஊர் இங்கிலீஷ் மட்டுமில்ல, இங்கிலாந்துலயும் அப்படித்தான் பேசறாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா என் அடுப்படியில ஒரு செவப்பு மக் இருக்கு, கீப் காம் அண்ட் கேரி ஆன்னு எழுதினது, உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கலாம். 1939ல யுத்தம் தொடங்கற நேரத்துல ஜனங்க பயப்படக்கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த வாசகம் போட்ட போஸ்டர சுமார் 24 லட்சம் காப்பி அடிச்சு வச்சுதாம், ஆனா ஒட்டினது ரொம்ப கொஞ்சம், மிச்சமெல்லாம் பேப்பர் கூழுக்குப் போச்சு, அப்புறம் 2000ல ஆல்ன்விக்ங்கற ஊர்ல ஒரு பழைய புஸ்தகக் கடைக்காரர் கண்ணுல ஒண்ணு பட்டு அதுல இருந்துதான் இந்த மக் டீசர்ட் எல்லாம். அந்த மக்ல கேரி ஆன்னா பதறாம உன் வேலையப் பாருன்னு அர்த்தம். ஆன்ட்டி டோன்ட் கேரி ஆன்னு சொன்னதும் பதறாம உன் வேலையப் பாருன்னுதான்! ஒண்ணு செய்ங்குது ஒண்ணு செய்யாதேங்குது, சொல்ல வந்தது ஒண்ணுதான், இத எந்த டிக்சனரிய வச்சு ஒரு வார்த்தையில சொல்லுவீங்க?

அப்புறம் தொடர்ங்கறதே வீட்டுல பேசற பேச்சா ஐயா. கரன்ட் போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்ததும் டியூசன் மிஸ் கேரி ஆன்ம்பாங்க, அதுக்கு நாம "சரி, விட்ட எடத்துல இருந்து படி"ன்னுதானே சொல்வோம். எழுதிட்டிருக்கும்போதே சொன்னா "எழுதிட்டே இரு". இந்த 'ட்டே' எழுத்துல 'கொண்டே', அந்தக் கொள்ளுங்கற சொல்லும் கையில வச்சுக்கறதுதான், கேரின்னா தூக்கறது, இங்கிலீஷ்காரன் தூக்கிட்டு நடக்கறான் நாம வச்சுக்கிட்டு இருக்கோம். இத மட்டும் சொல்லியிருந்தா புள்ளைங்களுக்கு மறக்கவே மறக்காது.

உங்க உதாரணத்துல ஒண்ணு, கேரி ஆன் டு ஒர்க்னு போட்டிருந்தீங்க, வேலைய தொடர்ந்து செய்யறதுக்கு அப்படி வராது, கேரி ஆன் ஒர்க்கிங், இல்லன்னா கேரி ஆன் வித் த ஒர்க். இந்த வித் போடறப்ப பாத்துப் போடணும். வேலைன்னா சரி, ஆள் பேரு வந்துச்சுன்னா அர்த்தம் கெட்டுப்போகும், அவனோட தொடுப்பு இருக்குன்னு ஆயிடும், கொஞ்சம் பழைய காலத்துப் பேச்சுதான் ஆனா இங்க வயசானவங்க இன்னும் அப்படித்தான் குசுகுசுக்கறாங்க. என் அண்ணன் மகன் ஒருத்தன் மேனேஜர் லீவுல போறப்ப மீதி மீட்டிங்க ஆபீஸ்ல இருக்கற இன்னொரு மேடத்தோட நானே முடிச்சிடறேன்னு சொல்ல நெனச்சு, ஐ வில் கேரி ஆன் வித் மேடம்னு ஆபீஸ் மொத்தத்துக்கும் மெயில் தட்டிட்டான், ஒரு வாரம் அவன் கேன்டீன் பக்கமே போகல.

வழி கேட்டாலும் இதேதான். பெல்லேர் ரோட்டு கோயிலுக்கு தீமிதி பாக்கப் போறப்ப ஒருத்தர்கிட்ட வழி கேட்டேன், கேரி ஆன் ஸ்ட்ரெய்ட், ரெண்டு ரோபாட் தாண்டுன்னார். ரோபாட்டுன்னா இங்க சிக்னல் லைட்டு, அது புரியாம நான் பொம்மை தேடினது தனிக்கதை. ஏர்போர்ட்ல கேரி ஆன்னா கையில தூக்கிட்டு ஏறற பை, அதுல ஊறுகாய் பாட்டில் வச்சு நான் பட்ட பாட்ட இங்க எழுதல.

அடுத்த வாரம் கேரி அவுட்னு போட்டிருக்கீங்க. தயவு பண்ணி அதுக்கு 'செய்'னு மட்டும் போட்டு முடிச்சிடாதீங்க, யார் யார்கிட்ட எப்ப சொல்றதுன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க, எடம் பத்தலன்னா அந்த ராசிபலன்ல கொஞ்சம் கொறைங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு வாசகி, டர்பன்