‘பரம்பரை நோயாமே?’ என்று கேட்ட பெரியவர்களுக்கு

பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் வீடு வீடாக ஏறி இறங்கும் பெரியவர்களுக்கும், அவர்களுக்கு வரன் கொண்டுவரும் தரகர்களுக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு 27 வயது. நான்கு வருடமாக அவளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகிற நோய். மூலம் என்று நினைத்து ஆறு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டாள். குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. இப்போது தினமும் மெசலமைன் மாத்திரை போடுகிறாள். இரண்டு வருடமாக ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காலையில் ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள்.

போன தை மாதம் ஒரு வீட்டார் பார்க்க வந்தார்கள். “இப்ப எதுக்குடி சொல்லணும்” என்று முந்தின நாள் ராத்திரி முழுக்க அம்மா கெஞ்சினார். “கல்யாணத்துக்கு அப்புறம் தினமும் ஒளிஞ்சு நின்னா மாத்திரை போடுவேன்?” என்றாள் தங்கை. மறுநாள் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அவளே சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்ட முதல் கேள்வி, “கேசரி கிண்டினது யாரு?” தங்கைதான் கிண்டியிருந்தாள். அந்த அம்மா கையிலிருந்த தட்டை மெதுவாக டீப்பாயில் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். “பரம்பரை நோயாமே தம்பி, வேணாம்னுட்டாங்க.”

இது தொற்றாது. கூடச் சாப்பிட்டாலும் வராது, அவள் சமைத்ததைச் சாப்பிட்டாலும் வராது. பரம்பரை என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை.

மரபணுவுக்கு இந்த நோயில் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு? 1988-ல் ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு அச்சு அசலாக ஒன்றுதான். மரபணு மட்டுமே தலையெழுத்து என்றால், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தாக வேண்டும். என் தங்கைக்கு இருக்கிற நோய் வந்த 16 ஜோடிகளில், இருவருக்குமே வந்திருந்தது ஒரே ஒரு ஜோடிக்குத்தான். இதன் உறவுக்கார நோயான கிரோன்ஸில் மரபணுவின் பிடி இன்னும் இறுக்கம். அங்கே 18 ஜோடிகளில் 8. பிறகு வந்த ஆய்வுகளில் எண்கள் முன்னே பின்னே இருந்தாலும், கொலைட்டிஸில் பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர் நோயோடும் மற்றவர் நோயில்லாமலும்தான் இருக்கிறார்கள்.

2001-ல் கிரோன்ஸ் நோய்க்கு முதல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நாட்-2 என்று பெயர். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றின் செல் சுவரிலிருந்து உதிரும் துணுக்கை இனம்கண்டு உடம்புக்குத் தகவல் சொல்கிற காவல்காரன் மாதிரி இந்த மரபணு உருவாக்கும் புரதம். அந்த மரபணுவின் எழுத்துகளில் சில மாறியிருந்தால் காவல்காரனுக்குக் கண் மங்கிவிடுகிறது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் மாறிய பிரதியே வந்தவருக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அப்படியும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க நோய் வருவதே இல்லை! இன்னொன்று, ஐரோப்பியர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் அந்த மாற்றங்கள் இந்தியர்களிடம் மிக அரிது. 2015-ல் வட இந்தியர்களிடம் கொலைட்டிஸ் பற்றி நடந்த ஆய்வில் முன்னுக்கு வந்தது வேறொரு இடம்: ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்பைக் கவனித்துக்கொள்ளும் எச்எல்ஏ பகுதி.

இப்படி நம் மரபணுத் தொகுப்பில் இந்த இரண்டு நோய்களோடும் தொடர்புள்ள 200-க்கும் மேற்பட்ட இடங்களை இதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டும். ஆபத்தைக் குறைக்கிற மாற்றங்களும் உண்டு. நோய் எதிர்ப்பு செல்களுக்கு வரும் ஒரு தகவலை வாங்கிக்கொள்ளும் புரதம் ஐஎல்-23 ஏற்பி. 2006-ல் கண்டறிந்த அதன் மரபணுவின் ஒரு மாற்றம் அப்படித்தான். இந்த 200 இடங்களிலும் பாதகமான எழுத்து ஒன்றுகூட இல்லாத மனிதர் உலகத்தில் கிடைக்க மாட்டார். உங்கள் பையனிடமும் ஒரு கை நிறைய இருக்கும். என்னிடமும் இருக்கிறது. தங்கையும் நானும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள்; சராசரியாகப் பாதி மரபணு எங்களுக்குப் பொது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பெண் பார்த்தபோது என் குடலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளம் கேட்டார்கள், ஜாதகம் கேட்டார்கள், முடிந்தது.

தாய்க்கோ தந்தைக்கோ இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படிப் பிறக்கிற 100 பிள்ளைகளில் 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை.

மரபணுவோடு வேறு எதுவோ சேர வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துப் பக்கம் குடியேறிய இந்தியர்களைப் பற்றி 1992-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்து, சீக்கியக் குடும்பங்களில் கொலைட்டிஸ் உள்ளூர் வெள்ளையர்களைவிட அதிகமாக இருந்தது. கடல் தாண்டியதால் யாருக்கும் மரபணு மாறிவிடவில்லை. சாப்பாடும் தண்ணீரும் வாழ்கிற விதமும்தான் மாறின. இங்கே நம் ஊரிலும் முன்பைவிட இந்த நோய் கூடிக்கொண்டு வருகிறது. ஒரு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாறாது.

சரி, ஒரே ஒரு மரபணுவால் இந்த நோய் வருவதே இல்லையா? வருகிறது, மிக அரிதாக. பிறந்த சில மாதங்களிலேயே குடல் புண்ணாகும் குழந்தைகள் உண்டு. 2009-ல் அதற்கு ஒரு காரணம் தெரிந்தது: குடல் அழற்சியை அடக்கும் தகவலை வாங்கிக்கொள்ளும் ஐஎல்-10 ஏற்பியின் மரபணு, தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதியிலும் கெட்டிருப்பது. அது தெரியவந்தது நெருங்கிய உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில்; அங்கேதான் ஒரே கெட்ட பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். பெரியவர்களே, இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் பேசி முடிக்கும்போது ‘பரம்பரை’ என்ற சொல் நம் யார் வாயிலும் வருவதில்லை. கேட்க வேண்டிய இடம் அதுதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண்ணோ பையனோ தன் நோயைத் தானே வாய்விட்டுச் சொன்னால், தட்டைக் கீழே வைக்காதீர்கள். நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். குழந்தை பெறலாமா என்று கேளுங்கள்; நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பெறலாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தரகர் அய்யாமார்களே, ஒரு வீட்டில் நம்பிச் சொன்ன விஷயத்தை அடுத்த நாலு வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எங்களுக்கு அதற்கப்புறம் வரவிருந்த இரண்டு வரன்கள் வாசல்வரைகூட வரவில்லை.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தங்கைக்குச் செக்கப். அன்றைக்கு ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் எங்களோடு மருத்துவரிடம் வரலாம். தங்கையிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றாள். மருத்துவரும் கால் மணி நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்